மூன்று நாள் பத்தியம்

பிப்ரவரி 2, ஞாயிறு

என் பெயர் தவசிமுத்து. வயது எழுபத்தொன்று. ஊர் தூத்துக்குடி, வட்டக்கிணற்றுத் தெரு. இந்த மூன்றையும் நானே எழுதினேன்.

இந்த டைரி மருந்துக் கடையில் இனாமாகக் கொடுத்தது. வருடா வருடம் கொடுக்கிறார்கள். முந்தைய டைரிகளையெல்லாம் பக்கத்து வீட்டில் பால் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன். இந்த வருடம் கொடுக்கவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் நடக்கும் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் நான்தான் மூத்தவன். டீச்சர் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். கண் சரியாகத் தெரியாது என்பதுதான் காரணம். கெட்டிக்காரன் என்பதால் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரிப் பக்கங்கள் முழுக்க என் பெயரையும் என் மகள் பெயரையும் எழுதிப் பழகினேன். டாக்டர் சண்முகக்கனி. இன்றுமுதல் விஷயம் எழுதப் போகிறேன். காரணம், கனி இன்று ஊருக்கு வந்துவிட்டாள். லீவுக்கு வரவில்லை, வேலைக்கு வந்திருக்கிறாள்.

அவள் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இதயம் எப்படிக் கெடுகிறது, யாருக்கு முதலில் கெடும், அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவள் வேலை. இந்த ஆய்வுக்கு வேறு ஊர்களைத்தான் குறித்திருந்தார்களாம். இவள் தன் பெரிய டாக்டரிடம் வாதாடி நம் தெருவைச் சேர்த்திருக்கிறாள். தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாரையும் இப்போது ஒரு தடவை பரிசோதிப்பார்கள். பிறகு இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்ப்பார்கள்.

நான் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவன். முட்டை வெள்ளையையும் சீனியையும் நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரி போட்டு மக்ரூன் சுட்டே முடி நரைத்தது. ஊருக்குச் சீனி கொடுத்தவனின் மகள் ஊரின் சீனியை அளக்க வந்திருக்கிறாள். இதைச் சோடாக் கடைப் பிச்சையாவிடம் சொல்ல வேண்டும்.

கனி வருவதற்கு முன் மக்ரூன் டப்பாவை அடுப்படி மேல்தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன். எறும்புத் தொல்லை.

இவ்வளவு எழுத மத்தியானம் முழுவதும் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. நல்ல வலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாடி அறையைக் கனிக்குக் கொடுத்தேன். அவள் பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். நடுவில் இரண்டு தடவை நின்றேன். படி உயரம் அதிகம். கட்டின கொத்தனார் சரியில்லை.

பிறகு பிச்சையா கடையில் சோடா குடித்தேன். வாயுத் தொல்லைக்கு அவன் சோடாதான் கேட்கிறது.

"மகள் வந்துட்டாளாமே மாஸ்டர். இனி ஒமக்குச் சோடா குடுக்கணும்னா டாக்டர் சீட்டு கேக்கணுமோ?" என்றான்.

"அவ ஆராய்ச்சி டாக்டர்வே. சீட்டெல்லாம் எழுத மாட்டா."

"சீட்டு எழுதாத டாக்டரா? அப்பம் என்னத்துக்கு அத்தன வருசம் படிக்க வச்சீரு?"

அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அவனுக்கே பத்து வருடமாகச் சர்க்கரை. ஆய்வில் அவனும் சேரலாம் என்றேன். கடையில் நின்றவர்களும் கேட்டார்கள். ஒருவர் போனதும் அடுத்தவர் வர, திரும்பத் திரும்பச் சொன்னேன். சோடா சூடாகிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் கனி அவளுடன் வேலை செய்பவர்களுக்குப் பாடம் எடுத்தாள். நர்ஸ் செலினும், வீடு வீடாகப் போகப் போகிற பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்:

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது சினிமாவில். சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருக்கும். அதனால் இதயத்தில் அடைப்பு இருந்தாலும் வலி வலியாகத் தெரியாது. படி ஏறினால் மூச்சு வாங்கும். தோள் வலிக்கும், தாடை வலிக்கும். நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், வாயு என்பார்கள். காரணம் இல்லாமல் களைப்பாக இருக்கும். இப்படிப்பட்டவர்கள் தாங்களாக ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். நாம்தான் தேடிப் போக வேண்டும்.

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். அந்தப் பெண்கள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து எல்லாருக்கும் டீ போட்டேன்.

என் மனைவி பேச்சியம்மாள் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரு மத்தியானம் களைப்பாக இருக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நோய் நொடி பார்க்காமல் போன புண்ணியவதி என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். கனி மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

இடது தோளில் தைலம் தேய்த்தேன். அந்தக் காலத்தில் மாவு பிசைந்த வலி.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆய்வில் சேர்கிறவர்களுக்கு ஒரு சம்மதத் தாள் உண்டு. செலின் அதை வரி வரியாக வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறாள். எனக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன், வாசித்துப் பழக. அதில் ஒரு வரி இருக்கிறது. 'இதில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.'

என் ஆயுளில் எத்தனையோ தாளில் கட்டை விரலை உருட்டியிருக்கிறேன். எந்தத் தாளும் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அதை எழுதியது என் மகள்.

நானும் சேர்கிறேன் என்றேன். ஆய்வு செய்பவரின் வீட்டார் சேரக் கூடாது என்பது சட்டமாம்.

"நீங்கதான் சர்க்கரை பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே அப்பா," என்றாள் கனி.

ஆமாம் என்றேன். சொல்லியிருக்கிறேன்தான்.

தெருவில் இப்போது என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவது குறைந்துவிட்டது. 'டாக்டரம்மா அப்பா' என்கிறார்கள். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கு நேர்வழியில் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போனேன். செருப்பு கடித்த புண் இன்னும் ஆறவில்லை. புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

வரும் ஞாயிறு எங்கள் தெருச் சங்கக் கட்டடத்தில் பரிசோதனை முகாம். நான் சும்மா இருக்க முடியுமா?

பேக்கரியைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றால் மூன்று நாளைக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். தட்டையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ப்போம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். எலிப்பொறியை ஒளித்து வைப்போம். அதிகாரி வந்து பார்த்து, சுத்தம் என்று எழுதிக்கொண்டு போவார். முதலாளிக்கும் நல்ல பேர், எங்களுக்கும் நல்ல பேர்.

அதேபோல இன்று வீடு வீடாகப் போனேன். "டாக்டர் மகள் நம்ம தெருவ நம்பி வந்திருக்கா. மானத்தைக் காப்பாத்துங்க," என்றேன். மூன்று நாளைக்குச் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, மாத்திரையை விடாமல் போட்டு, சர்க்கரையை இறக்கிக்கொண்டு வரச் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவர்களும் எப்போதும் அப்படிச் செய்கிறவர்கள்தானாம். ஒரு வீட்டில், "டாக்டர்கிட்ட திட்டு வாங்கக் கூடாதுல்லா," என்றார்கள்.

கனிக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே பார்க்கட்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முகாம் காலையில் ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் வந்து ஆண்களும் பெண்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செலின் விரலில் குத்தி, மிஷினில் வைத்துப் பார்த்தாள். நூற்றுப்பத்து. நூற்றுப் பதினெட்டு. நூற்று ஐந்து. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கனி நெற்றியைச் சுருக்கினாள். ஆச்சரியப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பிச்சையா முறை வந்தபோது அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. செலின் பேர் கேட்டால் வேறு என்னவோ சொன்னான். அப்படியே பெஞ்சில் சரிந்துவிட்டான். கனி ஓடி வந்தாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நாற்பதுக்கும் கீழே. சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "கடையைப் பூட்டுனேனா?" என்று கேட்டான்.

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலையில் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டிருக்கிறான். அன்று காலை மாத்திரையே போடாமல் வரச் சொல்லிச் செலின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"யாரு ரெண்டு போடச் சொன்னது?" என்று கனி கேட்டாள்.

பிச்சையா என்னைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "நானாத்தாம்மா போட்டேன்," என்றான்.

நான் நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஊசி போட்டதும் பிச்சையா விழுந்துவிட்டான் என்று தெருவில் பேச்சு. ஊசி போடவே இல்லை என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. சோடா குடிக்கப் போகவில்லை. அவன் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று எழுத வேண்டாம் என்று நினைத்தேன். நல்லது நடந்தால்தான் எழுதுவேன் என்றால் இதற்கு டைரி எதற்கு?

விரலில் குத்தியது தவிர, குழாயில் எடுத்த ரத்தத்தையும் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பரிசோதனை, மூன்று மாதமாகச் சர்க்கரை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுமாம். இன்று முடிவு வந்தது. சாயங்காலம் கனி சாப்பிடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"மூணு மாசக் கணக்குல அத்தன பேருக்கும் எக்கச்சக்கமா இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அத்தன பேருக்கும் நல்லா இருக்கு. தெரு முழுக்கச் சேந்து பத்தியம் இருந்திருக்கு அப்பா," என்றாள். "கொழுப்பு, ரத்த அழுத்தம் எதையும் நம்ப முடியாது. இத வச்சு ரெண்டு வருசம் யாரையும் பின்தொடர முடியாது. மார்ச் முதல் வாரத்துக்குள்ள மறுபடியும் ஒழுங்கா எடுக்கலன்னா இந்தத் தெருவ ஆய்வுல இருந்து எடுத்துருவாங்க. செலின் கூப்பிட்டுப் பாத்தா. ஒருத்தரும் வர மாட்டேங்காங்க."



"நான்தான் சொன்னேன்," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வீடு வீடாப் போயிச் சொன்னேன். உனக்கு நல்ல பேரு வரணும்னு."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். "பேக்கரிக்கு ஆபீசர் வார மாதிரியா?" என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பேக்கரி வாசலில் எனக்காகக் காத்திருந்த பிள்ளை. சுண்ணாம்பு அடிப்பதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

"ஆமா."

"நான் ஆபீசர் இல்ல அப்பா. தட்டு அழுக்கா இருந்தாத்தான் எனக்கு வேலையே."

எழுந்து போனவள் படிக்கட்டில் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அம்மாவும் இப்படித்தான். நான் ஊருக்கு வார அன்னிக்கெல்லாம் குளிச்சு, பூ வச்சு, சிரிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சிட்டு ரயில் ஏறிருவேன். நானும் டாக்டர்தான்."

அவள் மாடிக்குப் போனாள். தோளுக்குத் தைலம் தேய்த்தேன். வாசனை மாடிக்கு எட்டாமல் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

புண்ணியவதி என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையிலிருந்து வீடு வீடாகப் போனேன். போன தடவை காபி கொடுத்த வீட்டில் இன்று கதவைப் பாதி திறந்து பேசினார்கள். சிலர் ஊசிக்குப் பயப்படுகிறார்கள். சிலருக்கு, பத்தியம் இருந்தது டாக்டருக்குத் தெரிந்துவிட்டதே என்ற வெட்கம். கடைசியில் பிச்சையா கடைக்குப் போனேன். கேட்காமலே சோடாவை உடைத்து நீட்டினான்.

"மார்ச் ரெண்டாந்தேதி மறுபடியும் முகாம்," என்றேன்.

"ஒம்ம பேச்சக் கேட்டுத்தான் பட்டினி கெடந்தேன். ஒம்ம பேச்சக் கேட்டுத்தான் மாத்திரைய முழுங்குனேன். ஒம்ம மகள் இல்லன்னா எனக்கு இன்னிக்கு எட்டாம் நாளு. இப்பம் மறுபடியும் நீரே வந்து நிக்கீரு."

"இந்தத் தடவை பத்தியம் இல்லவே. இருக்கிறபடி வாரும்."

"நீரு இருக்கிறபடி போயிருக்கீரா?"

"நான் வீட்டுக்காரன். ஆய்வுல சேர முடியாது."

"சேருறதப் பத்திக் கேக்கல. தெனமும் நெஞ்சத் தடவிக்கிட்டு வந்து சோடா கேக்கீரு. இங்கருந்து ஒம்ம வீட்டுக்கு எத்தன தூரம்? அதுக்குள்ள கோயில் சொவத்துல கைய ஊணி நிக்கீரு. நான் பாக்கலன்னு நெனைக்கீரா?"

"அது வாயு."

"அப்பம் வாயுவ மிஷின்ல காட்டும். மொதல்ல நீரு உக்காரும். ரெண்டாவது நான் உக்காருதேன். மத்தவங்கள நான் கூட்டியாறேன். இல்லைன்னா ஒரு ஆளு வர மாட்டான். ஊருக்கு ஒரு சட்டம், டாக்டரம்மா அப்பாவுக்கு ஒரு சட்டமா?"

சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் கோயில் சுவரில் கை வைக்காமல் நடந்து பார்த்தேன். முடியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

கனியிடம் யாராவது வருகிறேன் என்று சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தச் சங்கக் கட்டடத்துக்கு எதிரே நின்றுதான் அவளை முதன்முதலில் மெடிக்கல் காலேஜுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். தெருவே வந்து நின்றது. அந்தத் தெருவில் இப்போது அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள்.

பிப்ரவரி 27, வியாழன்

சந்தையில் பாகற்காய் வாங்கி வந்தேன். நேற்றும் பாகற்காய், இன்றும் பாகற்காய். இரண்டு நாளாகச் சோறு பாதி. டப்பாவைத் தொடவில்லை.

கனி தட்டைப் பார்த்து, "உங்களுக்குப் பாகற்காய் ஆகாதே," என்றாள்.

"பழகிக்கிட்டேன்."

அவள் மாடிக்குப் போன பிறகுதான், ஞாயிற்றுக்கிழமைக்காக நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. எனக்கே சிரிப்பு வந்தது. மீதிப் பாகற்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எப்போதும் சாப்பிடுகிற அளவு சோறு போட்டுச் சாப்பிட்டேன். மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன். அவள் பார்த்தால் பார்க்கட்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஞாயிறுவரை இருக்கட்டும் என்று இருவரும் நினைத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது.

மார்ச் 6, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியைக் கனி கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "என் பேரு இருக்கிற பக்கத்த மட்டும் பாத்தேன்," என்றாள். பாதிப் பக்கங்களில் அவள் பேர்தான் இருக்கிறது.

அன்று காலை சங்கக் கட்டடத்தில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. வாசலில் மட்டும் கூட்டம். பிச்சையா சொன்ன சொல் தவறாமல் எல்லாரையும் கூட்டி வந்திருந்தான். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. நான் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கனி வந்து, "என்னப்பா?" என்றாள்.

"எனக்கும் பாரு. எல்லாருக்கும் எப்படியோ அப்படி."

"உங்க கணக்கு ஆய்வுல சேராது."

"சேர வேண்டாம். ஆளுங்க பாக்கட்டும்."

சம்மதத் தாளை எடுத்தேன். செலின் வாசிக்க வந்தாள். நானே வாசிக்கிறேன் என்றேன். வாசலுக்குக் கேட்கும்படி முதல் வரியிலிருந்து வாசித்தேன். இரண்டு பக்கம். எனக்கு ஒரு வரிக்கே ஒரு மூச்சு வேண்டும்.

"மாஸ்டரே, நாங்க வெறும் வயித்துல வந்திருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்," என்று பிச்சையா கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். கனி சிரிக்கவில்லை. "அவுங்க வாசிச்சு முடிக்கட்டும்," என்றாள். 'எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்' என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். சிரித்தவர்கள் அப்போது சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். எவ்வளவு நாள் பழகிய கையெழுத்து. கனி பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆய்வில் சேராதவர் போடக் கூடாதாம். சட்டம் என்றால் சட்டம்.

செலின் விரலில் குத்தினாள். மிஷினைப் பார்த்துவிட்டுக் கனியைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லும்மா," என்றேன்.

"இருநூத்து எழுபத்தி ரெண்டு, தாத்தா."

தெருவில் அதுவரை வந்ததிலேயே பெரிய எண் டாக்டரம்மா அப்பாவுடையது.

பிறகு திரைக்குப் பின்னால் படுக்க வைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். கட்டம் போட்ட தாள் நீளமாக வந்தது. கனி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடக் காலத்தில் விடை வராத கணக்கை அப்படித்தான் பார்ப்பாள்.

"வாயுவா?" என்றேன்.

"இல்லப்பா." ஒரு மாத்திரையைக் கொடுத்துக் கடித்து விழுங்கச் சொன்னாள். எழுந்திருக்கக் கூடாது என்றாள். குரல் டாக்டர் குரலாக இருந்தது. கை மட்டும் என் தோளில் இருந்தது, சரியாக வலிக்கிற இடத்தில். நான் அந்த இடத்தைச் சொல்லவே இல்லை.

கார் வந்ததும், "நீ வராத. ஆளுங்க வந்து நிக்காங்க. இன்னிக்கு விட்டா தெரு போயிரும்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அதற்குள் பிச்சையா உள்ளே வந்து, நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, விரலை நீட்டிக்கொண்டான். "நீ அப்பாவக் கூட்டிட்டுப் போ தாயி. நாங்க எங்கயும் ஓடிர மாட்டோம். நேத்து ராத்திரி பரோட்டா தின்னுட்டுத்தான் வந்திருக்கேன், இருக்கிறபடி," என்றான். அவன் பின்னால் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கார் ஏறினேன்.

காரில் கனி கேட்டாள். "எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முந்தி."

"பாத்தாச்சுன்னு சொன்னீங்க."

"டாக்டரோட அப்பாவுக்கே சர்க்கரைன்னா ஊரு என்ன சொல்லும்னு..."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிறாள் என்று நினைத்தேன். திருநெல்வேலி வரும்வரை விடவில்லை. நாடி பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

இதயத்துக்குப் போகும் ஒரு குழாயில் பெரும்பாகம் அடைத்திருந்ததாம். மறுநாள் கை வழியாக உள்ளே போய் விரித்து, சின்ன வலைக் குழாய் ஒன்றை வைத்துவிட்டார்கள். எனக்கு முழு நினைவு இருந்தது. வலிக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு சம்மதத் தாள் வந்தது. கொண்டுவந்த பையன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டுக் கைநாட்டுக்கு மை டப்பாவையும் கொண்டுவந்திருந்தான். கனி டப்பாவை மூடி அவனிடமே கொடுத்தாள். நான் முழுவதும் வாசித்தேன். அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வந்து நின்றார். கனி அவரிடம் என்னவோ சொன்னாள், அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தத் தாள் கனி எழுதிய தாள் அளவுக்கு நன்றாக இல்லை. அதை அவரிடமே சொன்னேன். அடியில் த. தவசிமுத்து என்று போட்டேன். இந்தத் தடவை யாரும் பேனாவை வாங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். மக்ரூன் டப்பாவில் இப்போது என் மாத்திரைகள். அளவு சரியாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

சென்னையிலிருந்து முடிவு வந்தது. தெருவில் எல்லாருக்கும் எல்லாமே மோசம். சர்க்கரை மோசம், கொழுப்பு மோசம், ரத்த அழுத்தம் மோசம். கனி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து போனில் சிரித்துப் பேசுகிறாள். தெரு ஆய்வில் நிற்கிறது. என்னைப் போலவே வலி தெரியாமல் இருந்த இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி, பேச்சியம்மாளோடு அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாயில் சண்டை போட்ட சிவகாமி. நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். வாசலில் நின்று இப்போது என்னோடு சண்டை போடுகிறாள், மக்ரூனைத் தின்ன விடாமல் செய்துவிட்டேன் என்று.

மார்ச் 19, புதன்

அடுத்த ஞாயிறு பக்கத்துத் தெருவுக்கும் முகாம். வாசலில் வைக்க ஒரு போர்டு வேண்டுமாம். அச்சடிக்கக் கொடுக்கலாமே என்றேன்.

"வேண்டாம். நீங்க எழுதுங்கப்பா," என்றாள்.

"என்ன எழுத?"

"உங்களுக்குத் தெரியும்."

மார்ச் 22, சனி

கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினேன். இரண்டு தடவை அழித்தேன். கனி உதவிக்கு வரவில்லை. படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பார்த்தாள்.

'நாளை காலை சங்கக் கட்டடத்தில் சர்க்கரை, இதயப் பரிசோதனை. பத்தியம் வேண்டாம். இருக்கிறபடி வாங்க.'

பிச்சையா போர்டைத் தூக்கிப்போய் வைத்தான். போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு வாசித்துக் காட்டினார். எப்படித்தான் தெரிகிறது பார்க்கலாம் என்று நானும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். வீட்டிலிருந்து வந்த வழியில் கோயில் சுவர் இருந்தது. அதில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

எதிரே நின்று வாசித்தேன். கடைசி வரி கொஞ்சம் மேலே ஏறிப் போயிருக்கிறது. அங்கிருந்தும் தெளிவாகத் தெரிந்தது.